ராஜேந்திரன் காணாத கடல்

எரிமலையும் கடலும் கைகோத்து நிற்கும் இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இப்போதெல்லாம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். ஜாவாவிலோ பாலியிலோ இறங்கி, வழிகாட்டியின் பின்னால் ஒரு பகல் முழுதும் நடந்து, கறுத்த மணலைக் கால் விரலால் கிளறிவிட்டுத் திரும்பி வந்து, ஒரு வருஷம் அதைப் பற்றியே பேசுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், விளக்கு வைப்பதற்குள், உலகத்து நிலவியல் அறிஞர்களெல்லாம் பெயர் சொல்லி அறிந்திருக்கும் ஒரு கடற்கரையைக் கண்டுவிடலாம் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். எரிமலையும் அந்தக் கடலின் கதையில் வருகிறது. ஒரே சங்கடம், அந்தக் கடலில் இப்போது தண்ணீர் கிடையாது. அது வற்றி ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

மீன்சுருட்டி, விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் பெரிய சாலையில் இருக்கிறது. பாண்டியனுடைய மீன் கொடியைச் சோழன் சுருட்டி வைத்த இடம், அதனால் இந்தப் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். சரித்திரக் கதை எழுதுகிறவன் காதில் இப்படி ஒரு பெயர்க் காரணம் விழுந்தால் அவன் விட்டுவிடுவானா? சரித்திர ஆசிரியர்கள் கல்வெட்டு எங்கே என்று கேட்பார்கள். நான் கேட்கவில்லை. சாலையோடு தெற்கே சிறிது தூரம் போனால் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் தென்னை மரங்களுக்கு மேல் தலை நீட்டும். அந்த விமானத்தின் எதிரே நிற்கும்போது எந்தப் பெயர்க் காரணத்தையும் நம்பத்தான் மனசு வருகிறது.

என் தமக்கை வாழ்க்கைப்பட்ட ஊர் மீன்சுருட்டி. பொங்கல் விடுமுறைக்குப் போயிருந்த நான் வழக்கம்போல் ராஜேந்திர சோழனைப் பார்க்கப் போவதாக இருந்தேன். "அவன் எங்கே போகப் போகிறான்? ஆயிரம் வருஷமாக அங்கேதான் இருக்கிறான். இந்தத் தடவை மேற்கே போய் வா, தம்பி" என்று அக்காள் சொன்னாள். அவளுடைய மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர், கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர், விடுமுறை நாட்களில் ஆர்வமுள்ளவர்களை அழைத்துப்போய்க் காட்டுகிறாராம். மாப்பிள்ளை கார் ஓட்ட, பேராசிரியர் முன் ஆசனத்தில் அமர, நானும் அக்காளின் பத்து வயதுப் பேத்தியும் பின்னால் உட்கார்ந்து புறப்பட்டோம்.

ஆனாலும் என் பிடிவாதத்துக்காகக் கார் முதலில் தெற்கே திரும்பியது. ராஜேந்திரனுடைய கோயிலில் பேராசிரியர் பிரகாரத்தைச் சுட்டிக்காட்டி, "இங்கே இருந்த மதில் எங்கே போயிற்று, தெரியுமா ஸார்?" என்றார். தெரியும். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டிய போது, கிழக்கிந்தியக் கம்பெனியின் எஞ்சினீயர்கள் இந்தக் கோயிலின் திருச்சுற்று மதிலைப் பெயர்த்துக் கல்லை அணைக்கு எடுத்துப் போனார்கள். அணையினால் ஆயிரக்கணக்கான ஏக்கர் விளைந்தது உண்மை. மதில் போனதும் உண்மை. "இன்று பகல் முழுவதும் இதையேதான் பார்க்கப் போகிறோம்" என்றார் அவர். காலை வேளையில் சொன்ன இந்த வார்த்தையின் பொருள் எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் விளங்கியது.

ஜெயங்கொண்டத்தைத் தாண்டும்வரை வண்டல் போய்ச் செம்மண்ணும் முந்திரித் தோப்பும் வந்ததைத் தவிர விசேஷமாக ஒன்றும் இல்லை. நெய்வேலியைப் போலவே இந்தப் பூமிக்கு அடியிலும் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. உடையார்பாளையம் கடந்து செந்துறைப் பக்கம் திரும்பியபோது பேராசிரியர் பாடத்தைத் தொடங்கினார்.

இந்தியா ஒரு காலத்தில் அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்த நிலம். அது பிய்ந்து வடக்கே நகரத் தொடங்கியதும், பிய்ந்த விளிம்பு சரிந்து பள்ளமாயிற்று. அந்தப் பள்ளத்தில் கடல் நுழைந்தது. அதுதான் சோழமண்டலக் கரையின் ஜாதகம். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக்குள் ஏறி வந்த கடல், முன்னேறியும் பின்வாங்கியுமாக ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் இங்கே குடியிருந்தது. ஒவ்வொரு காலத்திலும் அது சேற்றையும் சிப்பியையும் அடுக்கி வைத்தது. அந்த அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கின்றன. ஆகவே கிழக்கே இளையவை, மேற்கே மூத்தவை. செந்துறையிலிருந்து மேற்கே போகிறவன், சராசரியாகக் கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து லட்சம் ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறான். ஆயிரம் வருஷத்தைத் தாண்டுவதற்கே நானூறு பக்கம் எழுதுகிற எனக்கு, மாப்பிள்ளையின் காருடைய வேகம் பொறாமையாகத்தான் இருந்தது!

செந்துறைக்கு அருகே நின்னியூர் என்று ஒரு கிராமம். அதன் பெயரைத்தான் இந்தக் கடலின் கடைசி அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள். அந்த அடுக்குக்கும் அதன் கீழுள்ள அடுக்குக்கும் இடையில் உலகம் மாறிப்போயிற்று. கீழே அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் பிராணி கோடிக் கணக்கில் கிடக்கிறது. மேலே ஒன்றுகூட இல்லை. பூதாகாரமான ஊர்வனவும் அப்படியே. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த அந்தப் பேரழிவின் கோடு, நம்முடைய செந்துறைச் சோளக் கொல்லைகளுக்கு அடியில் ஓடுகிறது. அம்மோனைட்டின் பங்காளியான நாட்டிலஸ் மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. அதன் ஓடுகள் நின்னியூர் அடுக்கிலும் உண்டு. அதன் சந்ததி இன்றைக்கும் பசிபிக் சமுத்திரத்தில் நீந்திக்கொண்டிருக்கிறது.

அழித்தது எது? மெக்ஸிகோவில் விழுந்த விண்கல் என்பார் பலர். அதே காலத்தில் தக்காணத்தைப் பிளந்துகொண்டு பொங்கிய எரிமலைக் குழம்புக்கும் பங்கு உண்டு என்பார் வேறு சிலர். எரிமலை என்றதும் உச்சியில் புகை கக்கும் கூம்பு மலையை நினைத்துக்கொள்ளக் கூடாது. பூமி நெடுக வெடித்த பிளவுகளின் வழியாகக் குழம்பு வெள்ளமாக வழிந்து, ஆறி, அதன்மேல் மறுபடி வழிந்தது. பம்பாயிலிருந்து நாகபுரி வரையில் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் இன்றும் அந்தக் கரும்பாறையின் கீழ்தான் இருக்கிறது. எல்லோராக் குகைகளை அந்தப் பாறையில்தான் குடைந்தார்கள். நம்முடைய கடற்கரைக்குக் குழம்பு வரவில்லை. ஆனால் 2009-ல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் குவியலாகக் கிடைத்தன என்று சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தபோது, முட்டைகளின்மேல் எரிமலைச் சாம்பல் படிந்திருந்ததாகவும் சொன்னார்கள்.

"அப்படியானால் குழம்பு கடலில் விழுந்த இடமே கிடையாதா?" என்று மாப்பிள்ளை ஏமாற்றத்தோடு கேட்டார்.

"ஏன் இல்லை? இதே கடற்கரையோடு வடக்கே போக வேண்டும். ராஜமகேந்திரவரம்" என்றார் பேராசிரியர்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராஜமகேந்திரவரம்! கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய ராஜேந்திரன், தன் மகள் அம்மங்கதேவியைக் கொடுத்த ஊர் அல்லவா அது? வேங்கி நாட்டு ராஜராஜ நரேந்திரன் அவளை மணந்தான். அவனுடைய சபையில்தான் நன்னய்யர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். அவர்களுடைய பிள்ளைதான் 1070-ல் சோழ சிங்காதனம் ஏறிய முதற் குலோத்துங்கன். பாட்டனார் எழுப்பிய இதே கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து அரை நூற்றாண்டு ஆண்டவன்.

அந்த ராஜமகேந்திரவரத்தை அடுத்த காதேருவிலும், கோதாவரிக்கு அப்பால் பங்கிடியிலும் கரும்பாறை தலை நீட்டுகிறது. மேற்குத் தக்காணத்தில் பொங்கிய குழம்பு பழைய ஆற்றுப் பள்ளங்களின் வழியாகச் சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடி வந்து, கீழைக் கடலின் முகத்துவாரத்தில் இறங்கியிருக்கிறது. பூமியில் இதுவரை அறியப்பட்ட குழம்போட்டங்களில் இதைவிட நீளமானது இல்லை என்கிறார்கள். இதில் அதிசயம் என்னவென்றால், ஒரு குழம்படுக்குக்கும் அடுத்த குழம்படுக்குக்கும் நடுவே சிப்பிகள் நிறைந்த ஒரு படுகை இருக்கிறது. நெருப்பு வந்து கரையை மூடியது, ஆறியது, அதன்மேல் கடல் வந்து, சிப்பிகள் குடியேறின, மறுபடி நெருப்பு வந்தது. அம்மங்கதேவி பல்லக்கில் ஏறிப் புகுந்த வீட்டுக்குப் போன போது, வற்றிய கடலின் ஒரு கரையிலிருந்து எரிந்த கடலின் மறு கரைக்குத்தான் போனாள்! கதாசிரியன் எவனும் இந்தப் பொருத்தத்தைக் கற்பனை செய்திருக்க மாட்டான்.

அந்த நெருப்பு அணைந்துவிட்டதா என்று குழந்தை கேட்டாள். நல்ல கேள்வி. அணையவில்லை. பூமியின் ஆழத்தில் ஓர் அடுப்பு நிலையாக எரிந்துகொண்டிருக்க, அதன்மேல் இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்து போய்விட்டது. குத்துவிளக்குச் சுடருக்கு மேலே வெள்ளைத் தாளை மெல்ல நகர்த்தினால் கரிக்கோடு விழும் அல்லவா? அம்மாதிரி லட்சத்தீவு, மாலத்தீவு, மொரிஷியஸ் என்று ஒரு கோடு கடலுக்குள் தெற்கே போகிறது. அதன் நுனியில் ரீயூனியன் தீவு. அங்கே 'பித்தோன் த லா ஃபூர்னேஸ்' என்ற எரிமலை இன்றும் பொங்குகிறது. பெயரின் பொருளே உலைச் சிகரம் என்பதுதான். 1977-ல் அதன் குழம்பு ஒரு மாதா கோயிலின் வாசல் படியேறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. 2007-ல் கடலில் பாய்ந்து தீவுக்குப் புதிய நிலம் சேர்த்தது.

அந்தத் தீவில் வாழ்கிறவர்களில் நம்மவர்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தபோது, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்களின் சந்ததிகள். 1860-ல் பிரிட்டிஷாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வேகமாக நடந்த அந்த ஆள் ஏற்றுமதி 1882-ல் நிறுத்தப்பட்டது. போனவர்களின் பேரப் பிள்ளைகள் பெரும்பாலோர் மொழியை மறந்தார்கள். முருகனையும் மாரியம்மனையும் மறக்கவில்லை. அங்கே அவர்கள் கோயில் எழுப்பி, காவடி எடுத்து, தீ மிதிக்கிறார்கள். எரிமலைத் தீவில் தீமிதி! தக்காணத்தை மூடி, நம் கடற்கரைமேல் சாம்பலைத் தூவிய அதே அடுப்பின் மேல் நின்று அவர்கள் பூங்கரகம் எடுக்கிறார்கள் என்பதைப் பேராசிரியர் சொன்னபோது, காருக்குள் சற்று நேரம் யாரும் பேசவில்லை. ராஜேந்திரன் 1025-ல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியதைப் பற்றி நாம் எத்தனை கதைகள் எழுதியிருக்கிறோம்! கூலிகளாகப் போனவர்களைப் பற்றி எழுதியவை சொற்பம்.

செந்துறையிலிருந்து மேற்கே நகர்ந்து கல்லமேட்டில் இறங்கினோம். பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. மானாவாரிக் கொல்லை, கருவேல மரம், ஓடைப் பள்ளம், நாலு ஆடு. பார்ப்பதற்கு எதுவும் இல்லாத இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

கடல் பின்வாங்கி ஆற்று மணல் படிந்த காலத்தில் இங்கே டைனோசர்கள் நடமாடின. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் இங்கே கிடைத்த எலும்புகளைப் பற்றி 1980-களில் எழுதினார்கள். கணைக்கால் எலும்பு ஒன்றின் நீளம் மட்டும் சுமார் 2 மீட்டர். என் உயரத்தைவிட அதிகம்! அந்தப் பிராணிக்கு 'பிருஹத்காயோஸாரஸ்' என்று பெயரிட்டார்கள். பெரிய உடம்பு கொண்டது என்று அர்த்தம். காலையில் நாங்கள் தரிசித்து வந்த சுவாமியின் திருநாமம் பிருகதீசுவரர். அதே 'பிருஹத்'. உலகத்தில் நடமாடிய நிலப் பிராணிகளுக்குள் இதுவே பெரிதாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. இது எலும்பே அல்ல, கல்லாய்ப் போன மரம் என்று சந்தேகித்தவர்களும் உண்டு.

வழக்கைத் தீர்க்க எலும்பை எடுத்துப் பார்த்தால் போதும். ஆனால் எலும்பு இல்லை. ஈரத்தில் ஊறி உளுத்திருந்த அது, மண்ணிலிருந்து வெளியே வந்தபின் வைத்த இடத்திலேயே பொடிப் பொடியாக உதிர்ந்துவிட்டது. எஞ்சியது சில கோட்டுப் படங்களும், பழைய புகைப்படங்களும். தொலைந்துபோனதைப் பற்றி வெளியுலகம் திட்டவட்டமாக அறிந்தது 2017-ல் வந்த ஒரு கட்டுரையினால். 2022-ல் பழைய புகைப்படங்களை வைத்து இன்னொரு கட்டுரை வந்து, அது எலும்புதான் என்று வாதாடியது. 6 கோடி வருஷம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. வெளியே வந்த பிறகு ஒரு தலைமுறைகூடத் தாங்கவில்லை. இதற்காக நான் யாரையும் குற்றம் சொல்லமாட்டேன். எலும்பைப் பதப்படுத்தப் பணமும் சாதனமும் கூரையும் வேண்டும். அவை நம் நாட்டில் எந்தப் பழம்பொருளுக்கு உரிய வேளையில் கிடைத்திருக்கின்றன?

அரியலூரை நெருங்க நெருங்கச் சாலை வெளுத்துக்கொண்டே வந்தது. மரத்தின் இலைகூட வெள்ளை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்தன. கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். அவரைச் சுற்றிலும் சுரங்கப் பள்ளங்கள். ஒரு பள்ளத்தின் விளிம்பில், அனுமதிக்கப்பட்ட இடத்தில் நின்று எதிர்ச் சுவரைப் பார்த்தோம். சுவர் முழுதும் சிப்பி. உள்ளங்கை அகலச் சிப்பிகள், ஒன்றின்மேல் ஒன்று, செங்கல் அடுக்கியது போல. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலில் வாழ்ந்த பிராணிகள். வீடு கட்டுகிற சிமெண்டு இந்தச் சிப்பிகளைச் சுட்டு அரைத்ததுதான். அக்காள் வெற்றிலைக்குத் தடவுகிற கிளிஞ்சல் சுண்ணாம்புக்கும் இதற்கும் உறவு கிட்டியதே.

இங்கேதான் காலையில் பேராசிரியர் சொன்னது விளங்கிற்று. பாற்கடலில் பள்ளி கொள்கிறவரைச் சுற்றி ஒரு கடல் கல்லாகிக் கிடந்தது; அதைக் கல்லாகவே தோண்டி எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் பள்ளம் தோண்டாமல் இருந்திருந்தால் இந்தச் சுவரை நாம் பார்த்திருக்கவே முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. கீழணைக் கதைதான். ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்தத் தொழிற்சாலைகளால் சோறு. அவர் கேட்பது சிறிய விஷயம். கல்லை உடைப்பதற்கு முன் படித்தவர் ஒருவர் பார்க்கட்டும். பள்ளத்துக்கு ஒரு சுவரையாவது தொடாமல் விடட்டும். மதில் முழுவதும் போன பிறகு அளவுப் படம் தேடுவதைவிட இது சுலபம்.

கல்லக்குடியிலும் இதே கதை. 1939-ல் வந்த சிமெண்டு ஆலையால் டால்மியாபுரம் என்றாகிவிட்ட பெயரை மாற்றச் சொல்லி 1953-ல் மு. கருணாநிதி முதலானோர் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்ததும், சிறை சென்றதும் எல்லாரும் அறிந்த சரித்திரம். அந்த ஆலைக்குக் கல் கொடுத்தது ஒரு பவழத் திட்டு என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். இளங்காலைச் சூரியனைப் போல ஒளிரும் பவழம் என்று நாம் வர்ணிப்பதெல்லாம் கடலில் இருக்கும்போதுதான். கல்லக்குடியில் அது சாம்பல் நிறம்.

வாரணவாசியில் அரசாங்கம் தொல்லுயிர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் இருந்த அம்மோனைட்டைக் கண்டதும், "பாட்டி பூஜையில் இருக்கிற சாளக்கிராமம்!" என்று குழந்தை கூவிவிட்டாள். பேராசிரியருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சக்கரம் அம்மோனைட்டின் சுருள்தான். அது இமயமலை எழும்புவதற்கு முன் அங்கிருந்த இன்னொரு கடலின் பிராணி. "பாட்டி சொல்வதும் சரி, பாப்பா. புத்தகம் சொல்வதும் சரி" என்று சமரசம் செய்துவைத்தார்.

2020-ல் குன்னத்தில் ஏரிப் பக்கம் மண் எடுத்தபோது பெரிய பெரிய கல் உருண்டைகள் வெளிப்பட்டு, டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் செய்தி பரவிக் கூட்டம் கூடியதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவை முட்டைகள் அல்ல. கடலடிச் சேற்றில் அம்மோனைட் போன்ற ஒன்றைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து உறைந்து திரண்ட உருண்டைகள். சிப்பியை உள்ளே வைத்துச் சுருட்டிய கல்! எனக்கு மீன்சுருட்டியின் ஞாபகம் வந்தது. சொன்னால் பெயர்க் காரணத்துக்குப் புதிய வியாக்கியானம் என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்தக் கடலை முதலில் கண்டவர்கள் யார்? காடு மேடெல்லாம் கிடக்கும் கிளிஞ்சலை உழவர்கள் ஏர்க்காலில் கண்டுகொண்டேதான் இருந்தார்கள். புத்தகத்தில் ஏற்றியவர்களைச் சொல்வதானால், 1840-களில் சென்னை சிவில் சர்வீஸில் இருந்த கேய் என்பவரும் கன்லிஃப் என்பவரும் இங்கே பொறுக்கிய கற்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பேரறிஞர் 1846-ல் அவற்றைப் பற்றி எழுதினார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டு 1857 முதல் வெயிலில் அலைந்து வரைபடம் போட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பிரிவுகளாக இந்தக் கடலைப் பங்கிட்டவர் அவர்தான். வற்றிப்போன கடலைக் கணக்கெடுத்த அந்த மனிதர், 1875-ல் தொடங்கிய இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவராகி, பெய்கிற மழையைக் கணக்கெடுக்கப் போனார்!

ஸ்டோலிஸ்கா என்பவருடைய கதைதான் எனக்குப் பிடித்தது. மொராவியா நாட்டுக்காரர். 24 வயதில், 1862-ல், கல்கத்தாவுக்கு வந்தார். நம் ஊர்ச் சிப்பிகளையும் சங்குகளையும் ஒன்றுவிடாமல் ஆராய்ந்து பெரிய பெரிய நான்கு பாகங்கள் வெளியிட்டார். ஓர் அம்மோனைட்டுக்கு 'அரியலூரென்ஸிஸ்' என்று பெயர் வைத்தார். எங்கோ ஜப்பானிலும் மடகாஸ்கரிலும் ஒரு கல்லை உடைத்துப் பார்க்கிறவர்கள், இது அரியலூரில் கிடைத்ததற்குச் சமானம் என்று அவருடைய படத்தைப் புரட்டி ஒப்பிடுகிறார்கள். யார்க்கண்டுக்குத் தூது சென்ற கோஷ்டியோடு போய்த் திரும்புகையில், 1874-ல், லடாக்கின் மலை உச்சியில் மூச்சுத் திணறி இறந்தார். வயது 36. கல்லறை லே நகரத்தில் இருக்கிறது. கடலைப் படித்தவன் உலகத்தின் கூரையில் உறங்குகிறான்.

கருடமங்கலம் வழியாகப் போனோம். இங்கே கிடைக்கும் சங்குக்கல்லை வழவழப்பாக்கி, மேஜைப் பலகையும் காகிதம் பறக்காமல் வைக்கும் குண்டும் செய்து, 'திருச்சினாப்பள்ளி மார்பிள்' என்று துரைமார்களுக்கு விற்ற காலம் உண்டு. சாத்தனூரில் ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். 1940-ல் அதைக் கண்டறிந்து சொன்னவர் எம். எஸ். கிருஷ்ணன், பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர், நம் தமிழர். மேற்கே கரையில் வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கடலில் அமிழ்ந்த மரம் அது. வேலி போட்டுக் காவல் வைத்திருக்கிறார்கள். மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

மாலை நான்கு மணிக்குக் காரை வந்தோம். இதற்குத்தான் எல்லோரும் வருகிறார்கள். திடீரென்று மரமும் பயிரும் நின்றுபோய், மஞ்சளும் சிவப்பும் பச்சையுமான களிமண் மேடுகள் ஓடை ஓடையாக அரித்துக் கிடக்கின்றன. வேறு கிரகத்தில் இறங்கிவிட்டது போலத் தோன்றும். மேட்டின்மேல் வெயில் படும் இடத்தில் ஜிப்சம் கண்ணாடித் துண்டுகளாக மினுக்குகிறது. இது ஏறக்குறைய 10 கோடி ஆண்டுக் கடலடிச் சேறு. குனிந்து பார்த்தால், துப்பாக்கி ரவை போலக் கூரான கற்கள். கணவாய் மீனுக்கு மூதாதை முறையாகும் பெலம்னைட்டின் உள்ளோடு. சுறாப் பற்களும் இங்கே கிடைத்திருக்கின்றன. மீன் வடிவக் கடல் ஊர்வனவின் முதுகெலும்பும் இந்த அடுக்குகளில் கிடைத்தது.

எங்களுக்கு முன்பே மூன்று நான்கு கார்கள் வந்திருந்தன. ஒரு குடும்பத்தார் பிளாஸ்டிக் பை நிறையப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இளைஞர்கள் சிலர் மேட்டின்மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சக்கரத்தின் கீழிருந்து மண் சரிந்து விழுந்தது. பேராசிரியர் அவர்களிடம் கோபிக்கவில்லை. பை வைத்திருந்த அம்மாளிடம் போய், ஒரு பெலம்னைட்டைக் கையில் வாங்கி, அது என்ன, எப்படி நீந்தியது என்று பத்து நிமிஷம் சொன்னார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பையைக் கவிழ்த்துவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த ஒன்றையும் விட்டுவிடும்படி கேட்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

இருட்டுவதற்குள் இன்னும் மேற்கே தெரணிக்குப் போனோம். அங்கே வெள்ளைக் களிமண் வெட்டுகிறார்கள். பீங்கான் செய்ய உதவும். அந்தக் களிமண் கட்டியைப் பிளந்தால் நடுவில் இலை பதிந்திருக்கும். சிப்பி கிடையாது. கடல் வருவதற்கு முன் இருந்த காடு. குழந்தை ஒரு கட்டியைப் பிளந்தாள். தென்னங்கீற்றைச் சிறிதாக்கியது போல ஓர் இலை, நரம்பு நரம்பாக, கோலமாவில் வரைந்தாற்போல் இருந்தது. அதைப் பேராசிரியர் தம் நோட்டுப் புத்தகத்தில் இடம் குறித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார்.

அதற்கும் சற்று மேற்கே ஒரு கருங்கல் பாறை. கங்கைகொண்ட சோழபுரத்தின் கல்லைப் போல, காலம் தெரியாமல் உறைந்த கல். "கடல் இதோடு நின்றது ஸார்" என்றார் அவர். பாறையின் கிழக்கு முகத்தில் கையை வைத்துப் பார்த்தேன். பகல் முழுதும் வாங்கிய சூடு இன்னும் இருந்தது. அதன்பின் மாப்பிள்ளை வண்டியைத் திருப்பினார். மீன்சுருட்டிக்குப் போய்ச் சேர இரவு பத்தாகும் என்றார்.